மூன்று வயதும் ஆறு வயதும் உள்ள வீட்டில் பஸ்கா இரவு

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கணவர் வீட்டார் போலந்து வழிவந்த யூதர்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் யூதப் பண்டிகை பஸ்கா; அதன் முதல் இரவு விருந்து, அதாவது சேதர், இதுவரை மாமியார் வீட்டில் நடந்துவந்தது, இந்த ஆண்டு நியூஜெர்சியில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. போன ஆண்டு ஹகாதாவை, அதாவது அன்றிரவு மேசையில் படிக்கும் நூலை, வரி விடாமல் படித்ததில் சாப்பாடு மேசைக்கு வர இரவு பத்து மணியாகி, சின்னவள் அழுதே தூங்கிவிட்டாள். பெரியவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். குறைத்தால் மாமியார் மனம் நோகும், குறைக்காவிட்டால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள், எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புகுந்த வீடு பாக்தாதிலிருந்து இஸ்ரேலுக்குப் போன யூதக் குடும்பம். அந்த மேசையில் பிள்ளைகளை வளர்த்து, இப்போது பேரப்பிள்ளைகளோடு உட்காருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சடங்கு பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டது. பெரியவர்களின் நீண்ட வாசிப்புக்குள் பிள்ளைகளை எப்படி அடக்கி உட்காரவைப்பது என்று யோசித்தால் வழி கிடைக்காது. பிள்ளை கேட்க வேண்டும், பெரியவர் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தவை. "அந்நாளில் உன் பிள்ளைக்குச் சொல்" என்பதுதான் பைபிளின் யாத்திராகமம் 13-ஆம் அதிகாரம் இடும் கட்டளை.

யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத்தில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிறு மேசை இருக்கும். பஸ்கா இரவில் சாப்பாடு தொடங்கும் முன்பே அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பார்க்கும் பிள்ளைக்கு வியப்பு வர வேண்டும் என்பதற்காகவே அப்படி ஒரு வழக்கம். ரப்பா என்ற அறிஞரிடம் வளர்ந்த அபயே இதைப் பார்த்துவிட்டு, "நாம் இன்னும் சாப்பிடவே இல்லை, அதற்குள் மேசையை எடுக்கிறார்களே!" என்றாராம். உடனே ரப்பா, "நான்கு கேள்விகளைச் சொல்லும் வேலையிலிருந்து எங்களை விடுவித்துவிட்டாய்" என்றார். இந்த இரவு மற்ற இரவுகளைவிட ஏன் வேறு என்று அன்றிரவு பிள்ளை ஒப்பிக்கும் கேள்விகள் அவை. மனப்பாடமான கேள்வியைவிடத் தானாக வந்த கேள்விக்கு மதிப்பு அதிகம் என்று ஒரு பெரிய அறிஞரே ஒப்புக்கொண்ட இடம் இது. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத்தொகுப்பில் இதையே எழுதிவைத்தார்: பிள்ளைகள் பார்த்துக் கேட்கும்படி அன்றிரவு எதையாவது மாற்றிச் செய்ய வேண்டும், வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுக்கலாம், மேசையை எடுக்கலாம், ஒருவர் கையிலிருந்து ஒருவர் மட்சாவைப் பிடுங்கலாம். மட்சா என்பது புளிப்பில்லா அப்பம். அதைப் பிடுங்கி விளையாடச் சொல்லும் சட்டநூல் கையில் இருக்கும்போது, பெரியவன் மேசைக்கு அடியில் போனதற்கு நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இந்த ஆண்டு மேசைக்கு அடியிலேயே தொடங்கிப் பாருங்கள். தரையில் மெத்தையும் தலையணைகளும் போட்டு, மேலே ஒரு போர்வையைக் கட்டிக் கூடாரமாக்கி, கதை முடியும்வரை எல்லோரும் அங்கேயே உட்காருங்கள். சாய்ந்து உட்காருவது அன்றிரவின் விதி. அடிமைக்குச் சாய்ந்து உண்ண உரிமை கிடையாது என்பதால். முழங்கால் வலிக்கும் மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். ஏன் இன்று தரையில் உட்காருகிறோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கும்வரை நீங்கள் வாய் திறக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது இங்கேதான். விசித்திரமாக ஒன்றைச் செய்துவிட்டு, பிள்ளை புருவத்தைத் தூக்குவதற்குள் விளக்கத்தையும் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அடுத்தது பசி. 2026-இல் முதல் இரவு ஏப்ரல் 1, புதன்கிழமை. உங்கள் ஊரில் அன்று சூரியன் மறையவே ஏழே காலுக்கு மேலாகும். சட்டப்படி நடக்கும் வீடுகள் நன்றாக இருட்டிய பிறகே தொடங்கும். சிறுபிள்ளைகள் உள்ள பல வீடுகள் மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகின்றன. உங்கள் வீட்டார் எப்படி என்பதைக் கணவர் முன்கூட்டியே பேசி முடிக்கட்டும். எப்படியானாலும் பிற்பகலில் இருவரையும் தூங்க வையுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கோழியும் உருளைக்கிழங்கும் முட்டையும் கொடுத்துவிடுங்கள். மட்சாவை மட்டும் அன்று பகலில் கண்ணில் காட்ட வேண்டாம், இரவில் புதிதாக இருக்கட்டும்.

சடங்கிலேயே பசிக்கு ஒரு கதவும் இருக்கிறது. தொடக்கத்தில் காய் ஒன்றை உப்புநீரில் தொட்டுத் தின்பார்கள், அதற்குக் கர்பாஸ் என்று பெயர். பார்ஸ்லிக் கீரைதான் பரவலாகத் தெரிந்தது; ஆனால் போலந்து, ரஷ்யப் பக்கத்து வீடுகளில் வேகவைத்த உருளைக்கிழங்கு வழக்கம், அங்கே வசந்தத் தொடக்கத்தில் பச்சைக்கீரைக்கு எங்கே போவது. எனவே ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கும் கேரட்டும் வெள்ளரியும் வைத்துவிடுங்கள், ஆசி சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கதை முடியும்வரை தொட்டுத் தொட்டுத் தின்னட்டும். கறாராகச் சட்டம் பார்ப்பவர்கள் கர்பாஸை ஒரு சிறு துணுக்குக்கு மேல் உண்ண மாட்டார்கள். பெரியவர்கள் அப்படியே இருந்துகொள்ளட்டும். மூன்று வயதுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நான்கு கோப்பை வைனுக்குப் பதில் பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு, சின்னக் கோப்பையில். பெரிய கோப்பையில் கொடுத்தால் வெள்ளை மேசைவிரிப்பு எப்படி ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதை விடலாம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். விடக் கூடாதது எது என்பதில் குழப்பம் இல்லை. பஸ்கா பலி, மட்சா, கசப்புக் கீரை ஆகிய மூன்றையும் சொல்லாதவர் கடமையை முடிக்கவில்லை என்று பண்டைய யூத அறிஞர் ரபான் கமலியேல் சொன்னதை ஹகாதாவே எடுத்துச் சொல்கிறது. நான்கு கேள்விகள், "நாங்கள் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம்" என்ற பதில், எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகள், 'தயேனு' ('எங்களுக்கு அதுவே போதும்') பாட்டு, இந்த மூன்று பொருள்கள். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்துக்கு இவை போதும். பெனே பராக் ஊரில் விடியும்வரை பேசிக்கொண்டிருந்த ரபிகள் (மத அறிஞர்கள்), யாக்கோபின் மாமனார் லாபானைப் பற்றிய நீண்ட விளக்கவுரை ஆகியவற்றைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் வைனோடு படிக்கலாம். எதையும் கிழித்தெறியவில்லை, வரிசைதான் மாறுகிறது. மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள். எகிப்தில் பத்து வாதை என்றால் கடலில் ஐம்பதா, இருநூறா, இருநூற்றைம்பதா என்று மூன்று ரபிகள் போட்டி போடும் பகுதியையும் பெரியவர்களுக்கென்றுதான் ஒதுக்குவார்கள். ஆனால் எண்களில் பித்துப் பிடித்த ஆறு வயதுப் பையன் இருந்தால் அவனுக்கு அது விருந்து.

ஹகாதாவை மட்டும் படித்தால் பிள்ளைக்குக் கதை கிடைக்காது. மோசேயின் பெயர் அதில் ஏறக்குறைய இல்லவே இல்லை, ஒரு வசன மேற்கோளில் வந்து போவதோடு சரி. நாணற்பெட்டி இல்லை, எரியும் முட்செடி இல்லை. பிள்ளைகள் படப்புத்தகத்தில் பார்த்த ஆள் மேசைக்கு வருவதே இல்லை. எனவே கதையை நீங்களே பத்து நிமிடத்தில் வாயால் சொல்லுங்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் கட்டளைக்கு மறுத்த மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள் இருவரிடமிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும். அரசன் சொன்னதை இரண்டு பெண்கள் செய்யாமல் விட்டார்கள் என்பது ஆறு வயதுக்கு நன்றாகப் புரியும். நாணலுக்குள் பெட்டி, தள்ளி நின்று பார்க்கும் அக்கா மிரியாம், குளிக்க வரும் அரசகுமாரி: உங்கள் மகன் மிரியாமாக நின்று மகளின் பொம்மையைக் காவல் காக்கட்டும்.

எங்கள் வீட்டில் இதை நாடகமாகவே ஆடுவோம். ஈராக், குர்திஸ்தான், சிரியா வழிவந்த வீடுகளில் இது பழைய வழக்கம். உடைத்த மட்சாத் துண்டை வெள்ளைத் துணியில் முடிந்து பிள்ளையின் தோளில் கட்டுவார்கள். கையில் ஒரு தடி. பிள்ளை வாசலுக்கு வெளியே போய்க் கதவைத் தட்டும். உள்ளிருந்து எல்லோரும், "எங்கிருந்து வருகிறாய்?" "எகிப்திலிருந்து." "எங்கே போகிறாய்?" "எருசலேமுக்கு." எழுதிவைத்த வசனம் அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். "கையில் என்ன?", "வழியில் என்ன சாப்பிட்டாய்?" என்று என் மாமனார் விடாமல் கேட்பார். ஒரு முறை என் பேரன், ஐந்து வயதிருக்கும், வெறுங்காலோடு வந்து நின்றான். செருப்பு எங்கே என்று கேட்டதற்கு, "கடலில் ஒன்று போய்விட்டது, மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எறிந்துவிட்டேன்" என்றான். மேசை முழுக்கச் சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை, அந்த நேரத்துக்கு அவன் நிஜமாகவே எகிப்திலிருந்து வந்தவன். எகிப்திலிருந்து தானே புறப்பட்டதாக ஒவ்வொருவரும் எண்ண வேண்டும் என்று ஹகாதா கேட்பது வேறென்ன?

வேறு ஊர் வழக்கங்களையும் தாராளமாகக் கடன் வாங்கலாம். பாரசீக, ஆப்கானிய யூதர்கள் 'தயேனு' பாடும்போது வெங்காயத்தாளால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், அடிமைகளை அடித்த சவுக்கின் நினைவாக. நல்ல நீளமான தாளாக ஆளுக்கு ஒரு கொத்து வாங்கி வையுங்கள். மாமியாரை அடிக்கப் பேரனுக்கு அனுமதி கிடைக்கும் ஒரே இரவு அது. மொராக்கோக்காரர்கள் அன்றிரவின் அடையாளப் பண்டங்களை வைத்த சேதர் தட்டைத் தூக்கி ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பாடியபடி சுற்றுவார்கள். தட்டில் ஆட்டுக்கால் எலும்பும் முட்டையும் இருப்பதால் தூக்குகிறவர் உயரமானவராக இருப்பது நல்லது.

இனி, பலரும் மழுப்பிவிட்டுப் போகும் இடம். பத்தாவது வாதையில் எகிப்தின் தலைப்பிள்ளைகள் இறக்கிறார்கள். உங்கள் மகன் உங்களுக்குத் தலைச்சன். அவன் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டான். கடைகளில் இப்போது வாதைப் பொம்மைகள் மூட்டையாக விற்கிறார்கள். தவளையும் வெட்டுக்கிளியும் எனக்குச் சம்மதம். கல்மழைக்கு டேபிள் டென்னிஸ் பந்தை எறிந்தாலும் சரி. பத்தாவதுக்கும் ஒரு பொம்மை போட்டிருப்பார்கள், அதை மூட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்று வயதுக்கு, "பார்வோன் பிடிவாதம் பிடித்தான், நாட்டில் எல்லோருக்கும் துன்பம் வந்தது, கடைசியில் போகச் சொன்னான்" என்பது போதும். ஆறு வயதுக்குப் பொய் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளைகள் என்ன தப்புச் செய்தார்கள் என்று கேட்பான். நியாயமான கேள்வி, அதற்குச் சமாதானமான விடை என்னிடம் இல்லை. மரபும் அதைச் சும்மா விட்டுவிடவில்லை என்பதைக் காட்டலாம். வாதை ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு துளி வைனைக் கோப்பையிலிருந்து எடுத்து வைக்கிறோம். பிறர் துன்பப்பட்டதால் நம் கோப்பை நிறைந்திருக்கக் கூடாது என்று அதற்குப் பலர் விளக்கம் சொல்வார்கள். எகிப்தியர் கடலில் மூழ்கியபோது தேவதூதர்கள் பாடப் போனார்கள், "என் கைப்படைப்புகள் கடலில் மூழ்குகின்றன, நீங்கள் பாடுகிறீர்களா?" என்று கடவுள் தடுத்தார் என்று தல்மூத்தில் வருகிறது. இன்றும் யூத வீடுகளின் தலைப்பிள்ளைகள் பஸ்காவுக்கு முந்தைய பகலில் நோன்பு இருக்கும் மரபு உண்டு. துளி வைத்த விரலைச் சூப்ப வேண்டாம் என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள்; சொன்னாலும் சூப்புவாள்.

நான்கு கேள்விகள் மாமியாரின் வேலை. பல வாரங்களுக்கு முன்பே தொலைபேசியில் பேரனுக்கு ராகம் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். விருந்து உங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட வருத்தமும் அவருக்குக் கொஞ்சம் தணியும். வழக்கப்படி கேட்க வேண்டியவர் மேசையில் இளையவர். உங்கள் மகள் முதல் வரியைச் சொன்னால் போதும், மற்றதை அண்ணன் சொல்லட்டும். ஹகாதாவில் வரும் நான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளைக்குக் கேட்கவே தெரியாது, அவனுக்கு நீயே பேச்சைத் தொடங்கி வை என்கிறது நூல். உங்கள் மகள் இப்போதைக்கு அந்த நான்காவது பிள்ளை. எபிரேயம் வராவிட்டால் தமிழிலும் கேட்கலாம், தடை இல்லை. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் ரபி மோசே இசெர்லிஸ் எழுதியிருக்கிறார். போலந்து வழி வீடுகளுக்கு அவர் சொல்லே சட்டம். உங்கள் மாமியாரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

கசப்புக்கு ஹார்ஸ்ராடிஷ் கிழங்கைத் துருவி வைப்பது போலந்து வழக்கம். பிள்ளைகளுக்கு வேண்டாம், மூக்கில் ஏறி அழவைக்கும். நீள இலை லெட்யூஸே தல்மூத் முதலில் சொல்லும் கசப்புக் கீரை; தண்டுப் பக்கம் மெல்லக் கசக்கும், அது போதும். அதைத் தொட்டுக்கொள்ளும் ஹரோசெத்தை, அதாவது அடிமைகள் குழைத்த சாந்தின் நினைவான கலவையை, பகலிலேயே பிள்ளைகள் கையால் பிசையட்டும். மாமியார் வீட்டில் ஆப்பிள், வால்நட், லவங்கப்பட்டை, வைன் கலந்து செய்வார்கள். எங்கள் வீட்டில் பேரீச்சம்பழப் பாகில் பொடித்த வால்நட், வேறொன்றும் இல்லை. இரண்டையும் வைத்து எது செங்கல்லுக்குப் பூசும் சாந்து மாதிரி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு முழுக் கொட்டை தொண்டையில் சிக்கும், நன்றாகப் பொடித்துவிடுங்கள். பிள்ளைகள் தூங்காமல் இருக்க ரபி அகிவா கொட்டைகளை வாரி வழங்கினார் என்கிறது தல்மூத். அவரைப் பின்பற்றி நீங்கள் சாக்லேட் கொடுங்கள்.

ஒளித்துவைக்கும் மட்சாத் துண்டு, அஃபிகோமான், இல்லாமல் பந்தி முடியாது என்பதால் பிள்ளைகளுக்குப் பேரம் பேசும் அதிகாரம் வருகிறது. சில வீடுகளில் பெரியவர் ஒளிப்பார், பிள்ளை தேடும்; சில வீடுகளில் பிள்ளை திருடும், பெரியவர் விலை கொடுத்து மீட்பார். இரண்டு பிள்ளைகள் என்றால் துண்டை இரண்டாக்கித் தனித்தனி இடத்தில் வையுங்கள், ஓட்டப் பந்தயத்தில் ஆறு எப்போதும் மூன்றை வெல்லும். பரிசு என்ன என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். நள்ளிரவுக்குள் அதைத் தின்றாக வேண்டும். சாப்பாடு நீண்டால் மகள் விழித்திருக்கும்போதே தேடலை முடித்துவிடுங்கள். அன்றிரவு வருவார் என்று எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறப்பதும் அப்படியே. அவருக்கென்று வைத்த கோப்பையில் வைன் மட்டம் குறைந்ததா என்று பெரியவன் முழந்தாளிட்டுப் பார்ப்பான். மேசையைக் கொஞ்சம் ஆட்டிவிடக் கணவருக்குத் தெரிந்திருக்கும். ஆட்டுக்குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைத் தடி அடிக்க என்று நீளும் 'ஹத் கத்யா' பாட்டு, 1590-இல் பிராகாவில் அச்சான ஹகாதாவில் இடம்பெற்றது, நூல் வரிசையில் கடைசியில் இருக்கிறது. அந்நேரம் பிள்ளைகள் விழித்திருக்க மாட்டார்கள். சூப் பரிமாறுவதற்கு முன் இழுத்துக்கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு மிருகத்தின் சத்தம் கொடுத்துப் பாடுங்கள்.

முந்தின நாள் இரவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சேதரைவிட அதுவே கொண்டாட்டம். பஸ்காவில் வீட்டில் ரொட்டி இருக்கக் கூடாது என்பதால், பத்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி வீடு முழுக்க ஒளித்துவைத்து, விளக்கை அணைத்து, மெழுகுவத்தியும் இறகும் மரக்கரண்டியுமாகத் தேடுவார்கள்; கிடைத்ததை மறுநாள் காலை எரிப்பார்கள். மெழுகுவத்தி பெரியவர் கையில், டார்ச் விளக்கு பிள்ளைகள் கையில். ஒளித்த இடங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் சமையலறை. கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்தும் மட்சாவாகத் தவிர எந்த வடிவிலும் எட்டு நாள் வீட்டில் இருக்கக் கூடாது. ரவை, சேமியா, மைதா எல்லாம் போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கண்ணில் படாமல் தப்புவது கூட்டுப் பெருங்காயம், அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அரிசியும் பருப்பும் வேறு கதை. எங்கள் வீட்டில் அரிசியை மூன்று முறை புடைத்துப் பொறுக்கி, கோதுமை மணி இல்லை என்று பார்த்துவிட்டுப் பஸ்காவிலும் சமைக்கிறோம். போலந்து வழியினர் நூற்றாண்டுகளாகத் தொடுவதில்லை. 2015-இல் அமெரிக்க யூதரின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக்குழு அனுமதித்த பிறகும் பல வீடுகள் பழையபடியே இருக்கின்றன. இந்த விஷயத்தில் எந்தக் குழுவையும்விட உங்கள் மாமியார் சொல்லே செல்லும், கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் கடுகையும் சேர்த்து எடுத்து வையுங்கள். அவர்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. எட்டு நாளைக்கு மிளகும் பூண்டும்தான் உங்களுக்குத் துணை.